ஆவரேஜ் காசிலிங்கம்

எதுக்குவம்பர் என்று ஓர் இனம் இருக்கிறது. பெயர் நான் வைத்தது. ஆள் உங்களுக்குத் தெரிந்தவர்தான். நல்ல மனிதர், அதில் சந்தேகமே வேண்டாம். யாரிடமும் சத்தம் போட்டுப் பேசமாட்டார், யார் வீட்டுக் கல்யாணத்தையும் விடமாட்டார், எதிரில் வருகிறவரின் துண்டு என்ன நிறம் என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார், திறந்தாலும் வெயிலைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு மூடிக்கொள்வார். ஊரில் அவரைப் பற்றிக் குறை சொல்ல ஆள் கிடையாது. எப்படிக் கிடைக்கும்? குறை என்று ஒருவன் ஆரம்பித்தாலே, "விடுங்க, எதுக்கு வம்பு" என்று அவரே வந்து சமாதானம் செய்துவிடுகிறாரே!

ஒரு மழைக்காலத்தில் எங்கள் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. ஏன் நின்றது என்று தெருவில் எல்லாருக்கும் தெரியும். முனை வீட்டுக்காரர் தன் கார் ஏறி இறங்குவதற்காக மழைத்தண்ணீர் ஓடுகிற வாறுகாலைச் சிமெண்டுப் பலகை போட்டு மூடி, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று அதன்மேல் குரோட்டன்ஸ் தொட்டியும் வைத்திருந்தார். கூட்டம் போட்டோம். எதுக்குவம்பர்தான் தலைமை. இம்மாதிரிக் கூட்டங்களுக்கு வேறு யார் தலைமை தாங்குவார்கள்? "யார் பேரையும் சொல்ல வேண்டாம், பொதுவாப் பேசுவோம்" என்று தொடங்கினார். பொதுவாகப் பேசினோம். மழையைக் கண்டித்தோம். கடல் மட்டம் உயர்வதைக் கண்டித்தோம். தண்ணீர் தேங்கக் கூடாது என்று ஒரு தீர்மானம் போட்டோம். அதை முன்மொழிந்தவர் முனை வீட்டுக்காரர். பிறகு ஆளுக்கொரு டீ குடித்துவிட்டு, தண்ணீருக்குள் இறங்கி வீட்டுக்குப் போனோம்.

எனக்கு இந்த இனத்தைக் கண்டால் ஆகாது. திருடனைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், வீட்டில் பூட்டு ஒன்று இருக்கிறது என்பதையாவது அவன் ஒப்புக்கொள்கிறான். எதுக்குவம்பர் பூட்டையும் பார்க்கமாட்டார், திருடனையும் பார்க்கமாட்டார், இரண்டுக்கும் நடுவில் நின்று சிரித்துக்கொண்டிருப்பார். சரி, தெருவோடு ஒழிந்தால் போகட்டும் என்று இருந்துவிடலாம். ஒழிகிறார்களா? ஆகாயத்திலும் கை வைத்துவிட்டார்கள்.

நான் தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். பக்கத்துத் துறையில், இயற்பியலில், பேராசிரியர் காசிலிங்கம். தேய்த்த வெள்ளைச் சட்டை, பையில் சிவப்புப் பேனா ஒன்று நீலப் பேனா ஒன்று, முகத்தில் எந்நேரமும் புகைப்படம் எடுக்கப்போகிறார்கள் என்பது போல ஒரு புன்னகை. மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் ஆவரேஜ் காசிலிங்கம். ஏன் என்று சொல்கிறேன்.

அவர் ஆராய்வது புறஊதா ஒளியில் தெரியும் நட்சத்திரங்களை. உப்பளமும் துறைமுகமும் இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு இது நடக்குமா என்று கேட்காதீர்கள், நடக்கும். நட்சத்திரம் எவ்வளவு கொதிக்கிறதோ, அவ்வளவுக்கு அதன் ஒளி நம் கண்ணுக்கு எட்டாத புறஊதாப் பக்கம் போய்விடுகிறது. அந்த ஒளியைப் பூமியின் காற்று கீழே விடாது. அதனால் காற்றுக்கு மேலே சுற்றும் செயற்கைக்கோள் அதை வாங்கி, பிரித்து, நிறமாலையாகப் பதிந்து அனுப்புகிறது. பதிவுகள் இணையத்தில் கிடக்கின்றன. கரண்ட் இருந்தால் போதும், யாரும் இறக்கிக்கொள்ளலாம். பிரித்த ஒளியில் அங்கங்கே பள்ளம் விழுந்திருக்கும். நட்சத்திரத்தின் மேற்பரப்பில் இருக்கும் கார்பனும் சிலிக்கானும் தங்கள் பங்கை விழுங்கிக்கொண்ட இடங்கள் அவை. நட்சத்திரம் நம்மை நோக்கி வந்தால் பள்ளம் ஒரு பக்கம் நகரும், விலகிப் போனால் மறுபக்கம் நகரும். இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருந்தால் நாளுக்கொரு இடத்தில் பள்ளம் இருக்கும். எந்தத் தொலைநோக்கியிலும் ஒரே புள்ளியாகத் தெரிகிற ஒன்று உண்மையில் இரட்டை என்று இப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

காசிலிங்கம் இளமையில் தன் முனைவர் பட்டத்துக்காக ஒரு வெப்ப நட்சத்திரத்தை எடுத்துக்கொண்டார். அதன் பதிவுகள் பல நாட்களில் எடுத்தவை. ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகவில்லை. வேறு யாராக இருந்தாலும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று கேட்டிருப்பார்கள். எதுக்குவம்பருக்குத்தான் ஒத்துப்போகாதது என்றாலே ஆகாதே! எல்லாப் பதிவையும் கூட்டி, வகுத்து, ஆவரேஜ் எடுத்தார். இரைச்சல் அடங்கியது. அகலமாக, ஆழமில்லாமல், வழவழவென்று ஒரே பள்ளம் வந்து நின்றது. ஒரு நட்சத்திரம் தன்னைத்தானே வேகமாகச் சுற்றிக்கொண்டாலும் பள்ளம் அகலமாகத்தான் இருக்கும். ஆகவே 'இது அதிவேகமாகச் சுழலும் தனி நட்சத்திரம்' என்று எழுதிப் பட்டம் வாங்கிவிட்டார். ஊஞ்சலில் ஆடுகிறவனைப் பல தடவை படம் பிடித்து, எல்லாப் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். பருத்த ஆள் ஒருவன் அசையாமல் உட்கார்ந்திருப்பது போலத்தான் தெரியும். காசிலிங்கம் அந்தப் பருத்த ஆளின் எடையைக் கணக்கிட்டவர்.

அதோடு நின்றதா? அவரிடம் ஆய்வுக்கு வந்தவர்கள் எல்லாரும் அந்தச் சுழற்சிக்குக் காரணம் கண்டுபிடித்தார்கள். ஒருவர் காந்தப்புலம் என்றார். ஒருவர் பிறவியிலேயே வேகம் என்றார். இன்னொருவர் ஒரு சமன்பாட்டையே எழுதினார். இல்லாத சுழற்சியை விளக்கி எத்தனை பேர் முனைவர் ஆனார்கள், எத்தனை பொன்னாடைகள் போர்த்தப்பட்டன! யாராவது வித்தியாசமாக ஒரு புள்ளியைக் கொண்டுவந்தால் காசிலிங்கம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொல்வார்: "ஆவரேஜ் எடுத்துரு. எதுக்கு வம்பு."

இப்படி எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் முருகேஸ்வரி வந்து சேர்ந்தாள். ஏரல்காரி. அப்பா பாண்டித்துரை அங்கே வாழைக்காய் மண்டி வைத்திருக்கிறார். இந்தப் பெண்ணுக்கு ஒரு கெட்ட பழக்கம்: பதிவுகளைக் கூட்டுவதற்கு முன்னால் தனித்தனியாகப் பார்ப்பாள். பார்த்தாள். பள்ளம் நாளுக்கொரு இடத்தில் இருந்தது. இன்னும் உற்றுப் பார்த்தாள். சில நாட்களில் ஒன்று இந்தப் பக்கம் போகும்போது மெலிதாக இன்னொன்று அந்தப் பக்கம் போனது. அச்செடுத்துக்கொண்டு காசிலிங்கத்தின் அறைக்கு ஓடினாள். நான் அப்போது அங்கே சாக்பீஸ் கடன் கேட்கப் போயிருந்தேன்.

"சார், இது ஒண்ணு இல்ல சார். ரெண்டு."

காசிலிங்கம் தாளைத் தொடவில்லை. தொட்டால் பார்க்க வேண்டியிருக்குமே.

"கருவி கோளாறா இருக்கும்மா. சேட்டிலைட்டுன்னா அங்கன இங்கன ஆடத்தான் செய்யும்."

"இல்ல சார். நமக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவுல கெடக்க வாயு இருக்குல்லா, அதோட கோடும் இதே பதிவுலதான் இருக்கு. அது இம்மிகூட நகரல. கருவி ஆடுச்சுன்னா அதுவும்லா சேந்து ஆடணும்?"

இப்படி அடி வாங்கினால் வேறு யார் முகமும் வாடியிருக்கும். அவர் புன்னகை இன்னும் கொஞ்சம் அகலமானது. "நீ சொல்லுதது சரியா இருக்கலாம். தப்புன்னு நான் சொல்லல. ஆனா இப்ப சொல்லணுமா? ஏற்கெனவே எத்தன பேர் தீசிஸ் எழுதியிருக்காங்க, அவங்க மனசு என்ன பாடுபடும்? பக்குவமா ஒரு ஓரத்துல போட்டுக்கிடலாம்."

ஓரம் என்றால் என்ன என்று எதுக்குவம்பர்களிடம் பழகியவர்களுக்குத் தெரியும். ஆய்வேட்டில் அது முதலில் ஓர் அத்தியாயமாக இருந்தது. "அத்தியாயம்னா கண்ண உறுத்தும்" என்று ஒரு பத்தியாகச் சுருக்கச் சொன்னார். பத்தி அடிக்குறிப்பாக இறங்கியது. அடிக்குறிப்பு, 'எதிர்காலத்தில் மேலும் ஆராயலாம்' என்ற ஒரு வரியாக மெலிந்தது. கடைசி அச்சில் அந்த வரியையும் காணோம். பக்கம் மிச்சமாகும் என்பது காரணம். முருகேஸ்வரி அழுதாள், சண்டை போட்டாள், கடைசியில் ஒப்புக்கொண்டாள். அவர் கையெழுத்து இல்லாமல் ஆய்வேடு பல்கலைக்கழகத்துக்குப் போகாது. நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலைக்கு அவளைத் தேர்வு செய்து வைத்திருந்தார்கள். கல்லூரி திறப்பதற்குள் பட்டத்தோடு வந்தால் வேலை, வராவிட்டால் அடுத்தவருக்கு. வெளியிலிருந்து தேர்வாளர் ஒருவர் வருவாரே, அவராவது கேட்பார், கேட்டால் அவிழ்த்துக் கொட்டிவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வைப் பார்த்திருக்கிறீர்களா? பொதுத் தேர்வு, யார் வேண்டுமானாலும் வரலாம், யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம் என்று விதி. வருகிறவர்கள் மிக்சருக்காக வருவார்கள். நானும் அப்படித்தான் போகிறேன். கேள்வி கேட்பவனுக்கு மிக்சர் தாமதமாகும் என்பதால் யாரும் கேட்பதில்லை. தேர்வு தொடங்குவதற்கு முன்பே முடிவு எல்லாருக்கும் தெரியும். ஏரலிலிருந்து வேன் பிடித்து முருகேஸ்வரியின் சொந்தக்காரர்கள் வந்திறங்கினார்கள். கல்லூரி வாசலில் ஒரு பிளக்ஸ்: 'முனைவர் முருகேஸ்வரியை வாழ்த்துகிறோம்', பின்னால் ஒரு பால்வெளி, பால்வெளிக்கு நடுவில் மாமன்மார்களின் தலைகள். பாண்டித்துரை மக்ரூன் டப்பாக்களையும் பொன்னாடைகளையும் சுமந்துகொண்டு, யாரைப் பார்த்தாலும் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

வெளித்தேர்வாளர் டாக்டர் பெனிஸ்டன் காலை ரயிலில் வந்தார். அவரை அழைத்துவரக் காசிலிங்கமும் முருகேஸ்வரியும் காரில் போனார்கள். திரும்பும்போது பெரியவர்கள் இருவரும் பின்சீட்டில், அவள் டிரைவர் பக்கத்தில். முன்சீட்டில் உட்காரும் ஆராய்ச்சி மாணவிக்குக் காது கிடையாது என்பது பேராசிரியர்களின் நம்பிக்கை. என்ன பேசினார்கள் என்று அவள் பின்னால் என்னிடம் சொன்னாள்.

"அண்ணாச்சி, அந்த நட்சத்திரம் ரெட்டையாச்சே," என்றாராம் பெனிஸ்டன், ஜன்னலில் துறைமுகச் சாலையைப் பார்த்துக்கொண்டே. "நாங்க பாத்து ரொம்ப வருசமாச்சு."

"அப்படியா? எழுதலியே நீங்க?"

"உங்க தீசிஸ்லா அது! அதப் போய் நான் கிளறணுமாக்கும்? எதுக்கு வம்புன்னு மூடி வச்சுட்டேன்."

காசிலிங்கம் அப்படியே அவர் பக்கம் திரும்பி, "இந்தக் காலத்துல யாருக்கு இந்த மரியாத இருக்கு!" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாராம்.

கவனித்தீர்களா? அந்த நட்சத்திரம் இரண்டு என்று காசிலிங்கத்துக்குத் தெரியும். பெனிஸ்டனுக்குத் தெரியும். பெனிஸ்டனின் ஆய்வகத்தில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, தெரியாது. உலகத்தில் உள்ள அத்தனை புத்தகத்திலும் அது ஒன்று. தெரியாமல் தப்புச் செய்கிறவனைத் திருத்திவிடலாம் சார். தெரிந்துகொண்டே ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நெகிழ்கிறார்களே, இவர்களை என்ன செய்வது?

அரங்கம் நிறைந்திருந்தது. முருகேஸ்வரி மேடையேறினாள். பட்டுச்சேலை, தலையில் நிறையப் பூ. திரையில் படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கொதிக்கும் நட்சத்திரம் என்றால் என்ன, செயற்கைக்கோள் எப்படிப் படம் எடுக்கிறது, எல்லாம் தெளிவாகச் சொன்னாள். கடைசியில் ஆவரேஜ் எடுத்த அந்த வழவழப்பான பள்ளம் வந்தது. 'ஆகவே இது அதிவேகமாகச் சுழலும் தனி நட்சத்திரம்' என்று அதன் கீழே எழுதியிருந்தது. அவள் அதை வாசித்துவிட்டு நன்றி சொன்னால் போதும். பெனிஸ்டன் கையெழுத்துப் போடப் பேனாவின் மூடியைக் கழற்றியாகிவிட்டது. பின்வரிசையில் மிக்சர் பொட்டலங்கள் வந்து இறங்கிவிட்டன. முன்வரிசையில் பாண்டித்துரை பொன்னாடையைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

அவள் வாசிக்கவில்லை. மடிக்கணினியில் வேறெதையோ தேடினாள்.

திரையில் புதுப் படம் வந்தது. தனித்தனி நாட்களின் பதிவுகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. பள்ளம் மேலிருந்து கீழே வளைந்து வளைந்து போனது. அதற்கு எதிர்த் திசையில் மெலிதாக இன்னொன்று வளைந்து போனது. பக்கத்தில் நடுவெளி வாயுவின் கோடு ஆடாமல் அசையாமல் நேராக நின்றது. வேதியியல்காரனான எனக்கே புரிந்துவிட்டது.

"இது ரெண்டு நட்சத்திரம். நான் எழுதிக் குடுத்த ஆய்வேட்டுல ஒண்ணுன்னு போட்டிருக்கேன். அது தப்பு," என்றாள்.

காசிலிங்கம் எழுந்தார். கோபமா? சே, அவருக்கா! சிரித்துக்கொண்டே எழுந்தார். "பிள்ள ரொம்ப உழச்சிருக்கா, தூக்கம் கெடயாது. இது எதிர்காலத்துல பண்ண வேண்டிய வேல. ஏம்மா, அப்படித்தானே சொல்ல வந்த?" என்று கேட்டு, தலையை ஆட்டச் சொல்லித் தன் தலையை ஆட்டிக் காட்டினார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. "பெனிஸ்டன் சார், காலைல கார்ல நீங்களும் ரெட்டைன்னுதான சொன்னீங்க?"

பெனிஸ்டன் கழற்றிய மூடியைத் திரும்பப் பேனாவில் மாட்டினார். "அது பொதுவாச் சொன்னதும்மா," என்றார்.

பிறகு நடந்தது எல்லாமே பக்குவமாக நடந்தது. யாரும் சத்தம் போடவில்லை. சொல்வதற்கும் ஆய்வேட்டுக்கும் முரண் இருப்பதால் ஆய்வேட்டைத் திருத்தி எழுதி மீண்டும் சமர்ப்பிக்க வேண்டும் என்று பெனிஸ்டன் எழுதினார். உடல்நிலை காரணமாக இனி அவளுக்கு வழிகாட்ட இயலாது என்று காசிலிங்கம் எழுதினார். மறுநாளும் அவர் வழக்கமான வேகத்தோடு ரோச் பூங்காவில் நடைப்பயிற்சி செய்ததை நான் பார்த்தேன். புது வழிகாட்டி கிடைக்கவில்லை. கேட்ட இடத்திலெல்லாம் பிள்ளையை மெச்சினார்கள், உட்கார வைத்து காபி கொடுத்தார்கள், சம்மதம் மட்டும் கொடுக்கவில்லை. கல்லூரி திறந்தது. நாகர்கோவில் வேலை அடுத்தவருக்குப் போயிற்று.

அன்றைக்கு அரங்கத்திலிருந்து கூட்டம் கலையும்போது பாண்டித்துரை மகளிடம் வந்தார். பிரித்த பொன்னாடையைத் திரும்ப மடிக்கத் தெரியாமல் கையில் சுருட்டி வைத்திருந்தார்.

"ஏளா, நீ பாத்தது நெசந்தானா?"

"நெசம்ப்பா."

"அப்ப சரி. மிக்சர எல்லாத்துக்கும் குடுத்துட்டு வா. வாங்குனது வாங்கியாச்சு."

மிக்சரை வாங்காமல் போனவர் ஒருவரும் இல்லை. காசிலிங்கம் இரண்டு பொட்டலம் எடுத்துக்கொண்டார்.

முருகேஸ்வரி கட்டுரையைத் தன் பெயரில் மட்டும் ஒரு வெளிநாட்டு ஆய்விதழுக்கு அனுப்பினாள். கேள்விமேல் கேள்வி கேட்டார்கள், பதில் எழுதினாள், போட்டுவிட்டார்கள். இப்போது அந்த நட்சத்திரம் அதிகாரபூர்வமாக இரண்டு. காசிலிங்கம் போன மாதம் ஒரு கருத்தரங்கில் 'எங்கள் துறையில் முதன்முதலில் கண்டறிந்த இரட்டை நட்சத்திரம்' என்று தலைப்பு வைத்து உரையாற்றினார். கண்டறிந்தவர் யார் என்று ஒரு மாணவன் கேட்டபோது, "கூட்டு முயற்சிதான், தனித்தனியாப் பேர் எதுக்கு?" என்றார். கைதட்டினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். முருகேஸ்வரி மாப்பிள்ளையூரணியில் ஒரு டியூஷன் சென்டரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஒளியியல் நடத்துகிறாள். பட்டம் இன்னும் வரவில்லை. எப்போது வரும் என்று யாரும் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் காசிலிங்கத்தை நடுரோட்டில் நிறுத்தி நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல இருக்கிறது.

வாசகரே, நீங்கள் நல்லவர். இவ்வளவு நேரமும் காசிலிங்கத்தை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்திருப்பீர்கள். சந்தோஷம். ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தப் பெண் மேடையில் நின்று வாசிக்க வேண்டியதை வாசிக்காமல் மடிக்கணினியில் தேடினாளே, அந்த நேரத்தில், 'அடிப் பாவி, இன்றைக்கு வேண்டாம். பட்டத்தை வாங்கி, வேலையில் சேர்ந்து, அப்புறம் நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாமே' என்று உங்களுக்குத் தோன்றியதா இல்லையா? அவள் மேல் உள்ள அக்கறையால்தான் தோன்றியது என்பீர்கள். காசிலிங்கமும் அதையேதான் சொல்கிறார். ஒருநாள் சாயங்காலம் அவரோடு நடைப்பயிற்சிக்குப் போய்ப் பாருங்கள்; உங்களுக்கு ரொம்பப் பிடித்துப்போகும்.